சாய்த்துப் பார்க்காத கல்

வைரத்தைக் கையில் வாங்கியதும் அதன் ஜொலிப்பைப் பார்க்கிறவர் வாங்க வந்தவர். தரம் பார்க்க உட்கார்ந்தவர்கள் முதல் காரியமாக அந்த ஜொலிப்பை அணைத்துவிடுவார்கள். மடித்த வெள்ளை அட்டையின் பள்ளத்தில் கல்லைத் தலைகீழாகக் கிடத்தி, வாயருகே கொண்டுபோய் மெல்ல ஒரு தடவை ஊதினால் போதும். மூச்சின் ஈரம் படிந்து, எப்பேர்ப்பட்ட கல்லும் ஒரு நொடி கூழாங்கல்லாக மங்கிப்போகும். அந்த ஒரு நொடியில்தான் அதன் நிறம் தெரியும். பக்கத்தில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருக்கும் மாதிரிக் கற்களில் எதனோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து, ஓர் எழுத்தைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதான்.

அப்படிப் பதினெட்டு வருஷமாக ஊதிக்கொண்டிருந்தவளுக்குத் தரம் பார்க்கும் கூடத்தில் வைத்திருந்த பெயர் தராசு. முகத்துக்கு நேராகக் கூப்பிடும்போது தராசு அக்கா. அவள் போட்ட தரத்தை மேலே இருப்பவர்கள் மாற்றியது மொத்தம் இரண்டே தடவை. அதில் ஒரு தடவை, மாற்றியவரே மறுநாள் வந்து பழையபடி திருத்திவிட்டுப் போனார். அவளுக்கு அதில் பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள். சம்பளம் கூடாத வருஷங்களிலும் அந்தப் பெருமை மட்டும் தவறாமல் கூடிக்கொண்டு வந்தது.

கூடம் மூன்றாவது மாடியில் இருந்தது. ஜன்னல்கள் எல்லாம் வடக்குப் பார்த்தவை. சுவர் சாம்பல் நிறம், மேசை சாம்பல் நிறம், உள்ளே வருகிறவர்கள் மேலே மாட்டிக்கொள்ளும் கோட்டும் சாம்பல் நிறம். கல்லுக்குப் பக்கத்தில் எந்த நிறம் இருந்தாலும் அதைக் கல் வாங்கிக்கொண்டு திருப்பிக் காட்டும் என்பதால் இந்த ஏற்பாடு. உதட்டுச் சாயத்துக்குத் தடை, நகப் பூச்சுக்குத் தடை. தம்பி தன் முதல் சம்பளத்தில் அவளுக்கு ஒரு சால்வை வாங்கிக்கொண்டு வந்தான். நல்ல பளீர் மஞ்சள்.

"டேய், இதப் போட்டுக்கிட்டு நான் உள்ள போனா, அத்தனை கல்லும் மஞ்சளாயிடும்டா. பாதிப் பேர் தெருவுக்கு வந்துடுவாங்க" என்று சிரித்தாள்.

"அப்ப வீட்டுல போட்டுக்கோ."

"வீட்டுல எனக்கு என்ன குளுரு?"

சால்வை பெட்டிக்குள் போனது. ஏழு வருஷம் ஆயிற்று.

தம்பி வைரம் தீட்டுகிறவன். அப்பாவும் அம்மாவும் ஒரே மாதத்தில் போனபோது அவனுக்குப் பதினொரு வயது, அவளுக்கு இருபத்தைந்து. அந்த வருஷம்தான் அவள் இந்தக் கூடத்தில் சேர்ந்தாள். சாப்பாட்டு மேசையில் அவள் லென்ஸை வைத்து விளையாடி வளர்ந்தவன் வேறு எந்த வேலைக்குப் போவான்? ஊரின் மறுகோடியில் ஒரு பட்டறையில் சேர்ந்து, பொடிக் கற்களில் தொடங்கி, கடுகளவிலிருந்து மிளகளவுக்கு வந்திருந்தான். எண்ணெயும் வைரப் பொடியும் பூசிய இரும்புச் சக்கரத்தில் கல்லை வைத்து, ஒரு பட்டை, இன்னொரு பட்டை என்று நாளெல்லாம் தேய்ப்பது. வீட்டுக்கு வந்து எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் நுனியின் கறுப்பு போகாது. "கல்லெல்லாம் வெளுத்துது, இவன் கறுத்தான்" என்பாள் அக்கா.

அவன் பட்டறையில் சேர்ந்த அன்றே, தம்பி இந்தத் தொழிலில் இருக்கிறான் என்று அவள் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டாள். விதி அப்படி. ஆனால் தரம் பார்க்கக் கற்களை அனுப்புகிறவர்கள் வியாபாரிகள். எந்தக் கல் எந்தப் பட்டறையில், எந்தச் சக்கரத்தில் சுழன்றது என்பது கூடத்தில் யாருக்கும் தெரியாது. கூடத்துக்குக் கல் வரும்போது அதற்கு ஊர் பேர் எதுவும் கிடையாது. காகிதப் பொட்டலம், அதன்மேல் ஓர் எண், அவ்வளவுதான். ஒருவேளை தெரிந்த கல்லாக இருந்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மேசை இழுப்பறையிலும் ஒரு ரோஸ் நிறச் சீட்டுக்கட்டு இருந்தது. 'எனக்குத் தெரிந்த கல். விலகுகிறேன்.' கையெழுத்து, தேதி. அந்தச் சீட்டை யாரும் கிழித்து அவள் பார்த்ததில்லை. பக்கத்து மேசைக்காரன் மட்டும் அதன் பின்பக்கத்தில் கடைக்குப் போகும் பட்டியல் எழுதுவான். கல்யாணமாகி எட்டு மாதம். அதனால் கூடம் முழுக்க அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாவதாக அந்தக் கல் வந்தது.

எடை மூன்று காரட்டுக்கு மேலே நான்கு சென்ட், அதாவது ஒரு காரட்டில் நூறில் நான்கு பங்கு. நிறம் மேலிருந்து இரண்டாவது. ஊதியதும் மங்கி, ஈரம் விலகியதும் ஒன்றும் நடக்காதது போல எழுந்து உட்கார்ந்துகொண்டது. நல்ல கல். இப்படி ஒன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். அதைச் சாமண இடுக்கியில் பிடித்து நுண்ணோக்கிக்குக் கீழே வைத்தாள்.

கல்லின் அகலமான சுற்றை இடுப்பு என்பார்கள். அந்த இடுப்புக்குச் சற்றுக் கீழே, கணக்கில் இல்லாத ஒரு சின்னப் பட்டை இருந்தது. கூடுதல் பட்டை வைப்பது அதிசயமில்லை. கல்லின் தோலில் ஏதாவது மிச்சம் இருந்தால் அதை எடுக்க ஒன்று வைப்பார்கள். ஆனால் இந்தப் பட்டை முக்கோணமாக இருந்தது. அதன் இடது மூலை மட்டும் வால் போல நீண்டு போயிருந்தது.

அவளுக்குக் கை நின்றுவிட்டது.

தம்பி இடக்கைக்காரன். தொழில் பழகிய நாட்களில் கழிவுக் கற்களில் பட்டை வைத்து வைத்துக் கொண்டுவந்து அவளிடம் காட்டுவான். வலக்கைக்காரர்களுக்கென்று போட்ட சக்கரத்தில் அவன் கடைசி அழுத்தத்தை எப்போதும் ஒரு பக்கம் இழுத்துவிடுவான். "என்னடா இது, மீன்வால் மாதிரி?" என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. எழுத்தைப் பார்த்ததும் எழுதியவனைத் தெரிந்துகொள்வது போல, அந்த மீன்வாலைப் பார்த்ததும் அவனைத் தெரிந்தது. நுண்ணோக்கிக்குள் தம்பி குனிந்து உட்கார்ந்திருந்தான்.

ஆறு வாரமாக அவன் வீட்டில் வாய் திறக்காமல் சுற்றியதற்கு இப்போது காரணம் தெரிந்தது. இவ்வளவு பெரிய கல்லை முதல் முறையாக அவன் கையில் கொடுத்திருக்கிறார்கள். இது நல்லபடியாக வந்தால் முதல் சக்கரம் அவனுக்கு. பெரிய கற்கள் மட்டும் ஏறும் சக்கரம் அது. அவன் ஒரு தடவை அதைப் பற்றிப் பேசியபோது, கல்யாணப் பேச்சில்கூடக் காட்டாத வெட்கத்தைக் காட்டினான்.

இழுப்பறையைத் திறந்தாள். ரோஸ் சீட்டுக்கட்டு இருந்தது. கை அதைத் தொட்டது.

ஒதுங்கினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கல் மாப்பிள்ளையிடம் போகும். ஆனால் அவளுக்குள் ஒன்று தலையைத் தூக்கிக் கேட்டது: பதினெட்டு வருஷம் பார்த்தவள், தம்பி கல் என்றதும் கண் தடுமாறிவிடுமா? தராசு என்று பெயர் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத் தட்டில் தம்பி உட்கார்ந்தால் ஓடிவிடுவாயா?

இழுப்பறையை மூடினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அப்போது அது தெரிந்தது. மீன்வால் பட்டைக்கு நேர் உள்ளே, இடுப்பை நோக்கி ஓடும் ஒரு வெள்ளைக் கோடு.

வெடிப்பு.

சூடு தாங்காமல் வந்திருக்கும். சக்கரத்தில் அவசரப்பட்டு அழுத்தியிருப்பான். அதைத் தேய்த்து எடுக்கப் போனால் கல் மூன்று காரட்டுக்குக் கீழே இறங்கிவிடும். மூன்றுக்குக் கீழே இறங்கினால் மதிப்பு படியில் உருண்ட மாதிரி விழும். ஆகவே வெடிப்பை உள்ளேயே விட்டுவிட்டு, அது வெளியே முட்டும் இடத்தில் ஒரு பட்டையை வைத்து மூடியிருக்கிறான். எல்லாம் சங்கிலி போலப் பொருந்தி வந்தது. அவனை எதிரே நிறுத்தித் திட்ட வேண்டும் போலிருந்தது. அந்த எரிச்சலோடு கூடவே, ஒத்துக்கொள்ளக் கூசும் ஒரு நிம்மதியும் வந்தது. குறை கண்டுபிடித்தாயிற்று. இனி யாரும் அவளைத் தம்பிக்குச் சாதகம் செய்தாள் என்று சொல்ல முடியாது. அவளே சொல்லிக்கொள்ள முடியாது.

கல்லின் படத்தை வரைந்தாள். உள்ளே இருக்கும் குறைக்குச் சிவப்பு மை, மேற்பரப்பில் இருப்பதற்குப் பச்சை மை. சிவப்புக் கோடு ஒன்று, அது இடுப்பைத் தொடும் இடத்தில் பச்சைப் புள்ளி. 'விளிம்பில் முட்டும் வெடிப்பு. அதன்மேல் கூடுதல் பட்டை.' இரண்டு படி கீழே தரம் போட்டாள். எழுத்து வழக்கத்தைவிட அழகாக இருந்தது.

படமும் கல்லும் இரண்டாவது கையெழுத்துக்காக மாப்பிள்ளை மேசைக்குப் போயின. அவன் லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்த்தான். கல்லைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான்.

"அக்கா, இந்தக் கோட்ட எப்படிக்கா புடிச்சீங்க? எனக்கு ஒரு நேரம் தெரியுது, ஒரு நேரம் தெரியல."

"கண்ணு இருந்தா தெரியும்."

"எனக்கும் கல்யாணத்துக்கு முன்னாடி இருந்துதுக்கா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, கையெழுத்துப் போட்டான்.

ஒரு நேரம் தெரிகிறது, ஒரு நேரம் தெரியவில்லை என்று அவன் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. அப்போது வாங்கியிருக்க வேண்டும்.

அறிக்கையின் நகல் வியாபாரிக்கு வியாழக்கிழமை போனது. வழக்கம் அதுதான். நகல் முதலில் போகும். கல் பெட்டகத்தில் இருக்கும். சனிக்கிழமை மத்தியானம் ஆள் வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துப் போவார்.

வியாழக்கிழமை தம்பி சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டான். வெயில் இன்னும் சமையலறை ஜன்னலில் இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"என்னடா, மாவரைச்ச மாதிரி மூஞ்சி வெளுத்திருக்கு?"

"சக்கரத்துலருந்து எறக்கிட்டாங்க."

"யாரு?"

"முதலாளிதான். வியாபாரி ஒரு சீட்டக் கொண்டாந்து அவர் முன்னால போட்டாரு. உங்க ஆபீஸ் சீட்டு. நான் கல்ல வெடிக்க விட்டுட்டேனாம். பட்டை வெச்சு மூடி மறைச்சேனாம்." அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. "வெடிச்சா வெடிச்சுதுன்னு சொல்லியிருப்பேன்க்கா. எல்லார் கையிலயும் வெடிக்கும். திட்டுவாங்க, அடுத்த கல்லக் குடுப்பாங்க. மறைச்சான்னு ஆயிடுச்சுன்னா எந்தப் பட்டறையிலயும் வாசல்ல நிக்க விடமாட்டாங்க."

"நீ எதுவும் சொல்லலையா?"

"சொன்னேன். 'உங்கக்கா வேலை பாக்கற எடத்துலயே இப்படி எழுதியிருக்காங்கன்னா பொய்யாவா இருக்கும்'னு கேட்டாரு. பத்துப் பேர் முன்னால. நான் எங்க பாக்கறது?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல் வைக்க வேண்டும் என்று ஏன் தோன்றியது என்று தெரியவில்லை.

"அப்ப அந்தக் கோடு?"

கேட்ட பிறகுதான் தெரிந்தது, கோடு என்று அவன் இன்னும் சொல்லவேயில்லை. அவன் கவனிக்கவில்லை. கையை விரித்து, இல்லாத கல்லை விரல் நுனியில் பிடித்துக் காட்டினான்.

"அது நார்க்கா. மரத்துக்கு இருக்கில்ல, அது மாதிரி. கல் வளரும்போதே உள்ள விழுந்த நார். ஆறு வாரமா அதப் பாத்துக்கிட்டே இருந்தேன், எனக்குத் தெரியாதா? நேராப் புடிச்சா வெள்ளையா, வெடிப்பு மாதிரியேதான் தெரியும். லேசா இப்படிச் சாய்ச்சா காணாமப் போயிடும். வெடிப்பு எங்கயாவது காணாமப் போகுமா? அது இடுப்பத் தொடவும் இல்ல, முன்னாடியே நின்னுடும். நான் பட்டை வெச்சது கல்லோட தோல்ல ஒரு குழி இருந்துது, அத எடுக்க. ரெண்டும் ஒரே எடத்துல வந்தது என் தலையெழுத்து." கையை மடியில் போட்டான். "உங்க ஆபீஸ்ல எவனோ ஒரு குருடன், சாய்ச்சுக்கூடப் பாக்காம எழுதியிருக்கான்."

அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்தது. அவள் திரும்பி அணைத்தாள். திரும்பியபடியே நின்றாள்.

சாய்த்துப் பார்க்கவில்லை. ஆம். எந்தக் கல்லையும் எட்டுத் திசையில் சாய்த்துப் பார்க்காமல் அவள் பேனாவைத் தொட்டதில்லை. மூன்று சென்ட் பொடிக் கல்லுக்கும் அந்த மரியாதை உண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை மீன்வாலைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், கதை முழுவதையும் தானே கட்டி முடித்தாள். கல்லை ஒன்றும் கேட்கவில்லை.

"திரும்பப் பாக்கச் சொல்லி வியாபாரியக் கேக்கச் சொல்லேன்" என்றாள்.

"கேக்கமாட்டாரு. உங்க சீட்டுன்னா அவங்களுக்கு வேதம்க்கா. விடு."

அன்று அவன் சாப்பிட்டான். அதுவும் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. அவள்தான் பரிமாறினாள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். கல் பெட்டகத்தைவிட்டுப் போகும்வரை, தரம் போட்டவரே 'மறுபடி பார்க்க வேண்டும்' என்று எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவள் கேட்டால் மறுக்கமாட்டார்கள். சாய்த்துப் பார்த்து, சிவப்புக் கோட்டை மாற்றி, இரண்டு படி மேலே போட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது.

யாருக்கும் தெரியாமல் இருக்கும்வரைதான். தீட்டியவன் அவள் தம்பி என்று என்றைக்காவது ஒரு நாள் வெளியே வரும். வந்தால், அக்கா திருத்திக் கொடுத்தாள் என்பார்கள். மறைத்தவன் என்ற பெயர் போய், அக்காவை வைத்து மறைத்தவன் என்ற பெயர் வரும். அவன் பெயர் சுத்தமாக வேண்டுமானால் அவள் கை படாத தரம் வேண்டும். அதற்கு அவள் கை பட்டதைச் சொல்ல வேண்டும். வேறு வழியே இல்லையா என்று பஸ் நிற்கும்வரை தேடினாள். ஆபீஸ் வாசலில் சாம்பல் கோட்டை மாட்டிக்கொண்டு நேரே மாடி ஏறினாள்.

தலைமைத் தரம் பார்ப்பவரைக் கூடத்தில் பூதக்கண்ணாடி என்பார்கள். அவசரமாக இருந்தால் பூதம். குள்ளமான மனிதர். மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியைத் தூக்கி வைத்திருப்பார். அவள் ரோஸ் சீட்டை அவர் மேசைமேல் வைத்தாள்.

"உக்காருங்க தராசு."

"நிக்கறேன் சார்."

"நீங்க நின்னா என் கழுத்து வலிக்கும். உக்காருங்க." சீட்டைப் படித்தார். எண்ணைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். "இது செவ்வாக்கிழமை கிழிக்க வேண்டிய சீட்டு. இன்னிக்கு வெள்ளி."

"ஆமா சார்."

"யாரோட கல்லு?"

"கல்லு யாருதுன்னு தெரியாது. தீட்டினது என் தம்பி."

"பொட்டலத்துல பேர் இருந்துதா?"

"இல்ல சார். கை தெரிஞ்சுது." மீன்வாலைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இப்படி ஒரு கல்லு வருதுன்னு உங்க தம்பி சொல்லியிருந்தாரா?"

"மூச்சு விடல. எங்கிட்டதான் வந்துதுன்னு அவனுக்கு இன்னும் தெரியாது."

"தெரிஞ்ச நிமிஷமே ஒதுங்கியிருக்கணும். ஏன் ஒதுங்கல?"

பஸ்ஸில் இதற்கு நாலைந்து பதில் தயார் செய்து வைத்திருந்தாள். அவற்றை விட்டுவிட்டாள்.

"தம்பி கல்லுன்னாலும் என்னால நேர்மையாப் பாக்க முடியும்னு எனக்கே காட்டிக்கணும்னு இருந்துது சார்."

"கூட்டிப் போட்டீங்களா?"

"குறைச்சுப் போட்டேன்."

பூதக்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளையும் கழற்றிவிட்டார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் மிகவும் வயதானதாக இருந்தது.

"சொந்தக்காரங்களுக்குக் கூட்டிப் போட்டு மாட்டினவங்க ரெண்டு பேரு இருந்தாங்க. குறைச்சுப் போட்டுட்டு வந்து நிக்கறது நீங்கதாம்மா முதல் ஆளு." அவர் கேலி செய்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. "சரி. இப்ப என்ன தரம்னு நினைக்கறீங்க?"

"நான் சொல்லக் கூடாது சார். வெறும் தாள்ல வேற ரெண்டு பேர் பாக்கட்டும். என் படத்த அவங்க கண்ணுல காட்டாதீங்க. மாப்பிள்ளையும் வேண்டாம்."

"அவன் என்ன பண்ணினான் பாவம்?"

"அவன் கண்ணு சரியாத்தான் பாத்துது. எங்கிட்ட சொல்லவும் செஞ்சான். என் படத்தப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டான்."

அவர் சற்று நேரம் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் 'சோப்பு, பல்பு ரெண்டு' என்று எழுதியிருந்தது. அவசரத்தில் மாப்பிள்ளையின் மேசையிலிருந்து எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"மேசை போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"கீழ முன் அறையில, பொட்டலம் வாங்கி எண் போடற வேலை இருக்கு. வர வியாழக்கிழமைலருந்து. அதுவும் நான் மேல பேசிப் பாக்கணும். கல்லுக்கு என்ன தரம் வந்துதுன்னு இங்க யாரும் உங்ககிட்ட சொல்லமாட்டாங்க. நீங்களும் கேக்கக் கூடாது."

"கேக்கமாட்டேன்."

எழுந்தாள். கதவுவரை போனவளை அவர் கூப்பிட்டார். "தராசு." திரும்பினாள். ஏதோ சொல்ல வந்தவர், கையை மட்டும் அசைத்தார். போகலாம் என்பது போல இருந்தது.

அன்று மாலையே தம்பியிடம் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். புதுத் தரம் வந்த பிறகு சொன்னால், காப்பாற்றியவள் சொல்வது போல ஆகிவிடும். அது அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அவன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டேய்."

"ம்."

"அந்தக் குருடன் நான்தான்."

அவன் திரும்பினான். எழுந்து உட்கார்ந்தான்.

"என் கல்லுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"எப்படி?"

"மீன்வால்."

அவன் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டான். பிறகு கேட்டான்:

"சாய்ச்சுப் பாத்தியா?"

"இல்லடா."

"வேற எவன் கல்லா இருந்தாலும் சாய்ச்சுப் பாத்திருப்ப."

"ஆமா."

காலையில் ஆபீஸில் நடந்ததையும் சொன்னாள். வேறு இருவர் பார்க்கப் போகிறார்கள், தன் மேசை போய்விட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே நடக்கப் போனான். விளக்கேற்றும் நேரத்துக்குத் திரும்பி வந்து, தானே தட்டை எடுத்து, தானே போட்டுச் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்தான். அதற்குப் பின் வந்த நாட்களிலும் அப்படித்தான். வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகக் குடித்தனம் செய்வது போல இருந்தது. அக்கா என்று கூப்பிடாமல் எப்படி வீட்டுக்குள் நடமாடுவது என்று அவன் கண்டுபிடித்திருந்தான். இருமுவான், அல்லது காத்திருப்பான்.

அவள் கேட்கவில்லை. கூடத்திலும் கேட்கவில்லை, அவனிடமும் கேட்கவில்லை. திங்கள், செவ்வாய் என்று மேசையைக் காலி செய்தாள். பதினெட்டு வருஷத்தில் சேர்ந்தது ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. சாமணம் ஆபீஸ் சொத்து. லென்ஸ் அவளுடையது. மாப்பிள்ளை வந்து பக்கத்தில் நின்றான்.

"எனக்குத் தெரிஞ்சுதுக்கா. காணாமப் போச்சு, திரும்ப வந்துது. நான்தான் வாய மூடிக்கிட்டேன்."

"இனிமே மூடாத" என்றாள். "எந்தத் தராசா இருந்தாலும்."

புதன்கிழமை மாலை, தம்பி வந்து சமையலறை வாசலில் இருமினான். அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"சீட்டு மாறி வந்துது."

கத்தி நின்றது.

"நார்னு போட்டிருக்காங்க. இடுப்பத் தொடலன்னு போட்டிருக்காங்க. கூடுதல் பட்டை, சுத்தமான வேலைன்னு வேற ஒரு வரி."

"முதலாளி என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. என் ஸ்டூலத் தூக்கிட்டுப் போயி முதல் சக்கரத்துக்கிட்ட போட்டாரு. போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "உக்காந்தியா?"

"உக்காராம? ஸ்டூல் ஒரு கால் ஆடுது." கை கழுவப் போனான். அன்றும் தானே போட்டுக்கொண்டுதான் சாப்பிட்டான்.

வியாழக்கிழமை காலை, தினமும் வீட்டிலிருந்து எடுத்துப் போகும் சாம்பல் கோட்டுக்கு அவள் கையை நீட்டினாள். ஆணி வெறுமையாக இருந்தது. ஆபீஸில் கொடுத்துவிட்டதை மறந்துபோயிருந்தாள். முன் அறையில் எந்த நிறம் வேண்டுமானாலும் உடுத்தலாம். மூடிய பொட்டலத்துக்கு நிறம் தெரியாது. பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து மஞ்சள் சால்வையை எடுத்தாள். மடிப்பு விழுந்த இடங்களில் இன்னும் கடையின் விறைப்பு இருந்தது. தோளில் போட்டுக்கொண்டு வீட்டு வாசல் பக்கம் வந்தாள்.

தம்பி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். ஒரு செருப்பு காலில், ஒன்று கையில்.

"அது உனக்குப் பொருந்தவே இல்லக்கா."

ஆறு நாளுக்குப் பிறகு அவன் வாயில் வந்த 'அக்கா'. அவள் அதைப் பிடித்துக்கொண்டதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"எத்தனை படி குறைக்கறே?"

கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டான்.

"இங்க இருட்டு. ஜன்னல்கிட்ட வா."

அவள் போய் ஜன்னலருகே நின்றாள். காலை வெளிச்சம் சால்வையில் விழுந்து சுவரெல்லாம் லேசான மஞ்சளாயிற்று. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தம்பி எதிரே வந்து நின்று, நேராக ஒரு தடவை பார்த்தான். பிறகு தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து, அவசரமில்லாமல், மறுபடி பார்த்தான்.